ஆளுக்கொரு திருகு

சொட்டுகிற தண்ணீரைக் கண்டால் திருகாதீர்கள். முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் எழுதுவதற்கு இருப்பதே இவ்வளவுதான். ஆனால் இதோடு பேனையை வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சரி, பெரியம்மா சொல்லிட்டாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய் மறுநாளே திருகுவீர்கள். அதனால்தான் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. நாலு பேர் கூடி நின்றால் யாருடைய முதுகுக்குப் பின்னால் நிற்கலாம் என்று பார்ப்பேன். நான் வேலையிலிருந்து நின்றுவிட்ட பிறகு மெனேஜர் ஜூட் தம்பி போன் எடுத்து, புதுப் பிள்ளைகளுக்கு வந்து கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கேட்டபோது முடியாது என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றார். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும். கட்டில் விரிப்பை எப்படி மடிப்பது, கண்ணாடியை எதனால் துடைப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சரோஜா காட்டித் தருவாள். நான் அதை எழுதப் போவதில்லை.

நீங்கள் இப்போது பார்க்கும் பூந்தோட்டமும் கல் பதித்த பாதையும் அன்றைக்கு இல்லை. பன்விலவுக்கு மேலே, கொழுந்து எடுப்பதை நிறுத்திக் காடாகிவிட்ட ஒரு துண்டுத் தேயிலை மலை. கண்டியில் கடை வைத்திருக்கும் முதலாளி அதை வாங்கி, இடத்தை மட்டமாக்கி, மூன்று கரவன் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். கரவன் என்றால் ஒரு சின்ன வீட்டையே சக்கரத்தில் ஏற்றி வைத்தது மாதிரி. கட்டில், சமைக்கக் குசினி, குளிக்கிற இடம், எல்லாம் கை நீட்டினால் எட்டும். வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் மூடுபனி பார்க்க வந்து அதில் தங்குவார்கள். நாங்கள் அதே மூடுபனியில் விரிப்புத் துவைப்போம்.

அந்தச் சக்கரத்தைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. ஹோட்டல் என்றால் முதலாளிக்குக் கோபம் வந்தாலும் கட்டடம் அங்கேயே இருக்கும். கரவன் அப்படியல்ல. கொளுக்கியை மாட்டி இழுத்தால் வேலையும் பின்னாலேயே போய்விடும். முதலாளிக்கு அந்த எண்ணம் வந்தும் இருந்தது. மழைக்காலத்தில் இந்த மலையில் ஈ கூட வருவதில்லை, இழுத்துக்கொண்டு போய்க் கிழக்கே கடற்கரையில் நிறுத்தினால் நன்றாக ஓடும் என்று அடிக்கடி சொல்வார். கடைசியாக ஜூட் தம்பியிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். மூன்று வண்டிகளையும் ஒன்றாகப் பிடித்து ஒரு பெரிய வெளிநாட்டுக் குடும்பம் வரப்போகிறது. அது நல்லபடியாக நடந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் கடற்கரைதான்.

எங்களில் இதற்கு அதிகம் பயந்தவள் சரோஜா. என்னோடு அறை வேலை செய்தவள், அப்போது சின்னப் பெண். இடுப்பில் தூக்குகிற வயதில் ஒரு மகள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான்; வருவான், வரமாட்டான். இந்த வேலை கிடைப்பதற்கு முன்பே அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்காகக் கண்டியில் ஒரு ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்திருந்தாள். வேலை கிடைத்ததும் போகாமல் நின்றாள். ஆனால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கவில்லை. கேட்டால், "இருக்கட்டும் பெரியம்மா, இந்த வண்டிய என்னைக்கு இழுத்துக்கிட்டுப் போறாங்களோ" என்பாள். தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே, ஏதோ வத்தேகமவுக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரிச் சொல்வாள். மகளை யாரிடம் விடுவாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும்.

இனி அந்தச் சனியன் பிடித்த மூடிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு கரவனிலும் குளிக்கிற தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது உள்ளே தெரியாது. வெளிப்பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் தாங்கியின் அடிப்பாகம் தெரியும். அதில் பெருவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் திருகுமூடி. தாங்கியைக் கழுவ வேண்டும் என்றால் அதைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். மற்ற நேரத்தில் அதற்கு ஒரே வேலை, மூடியிருப்பது. நடு வண்டியில் அது அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சொட்டத் தொடங்கியது.

முதலில் கண்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஏனென்றால் கண்ட ஒருவரும் சொல்லவில்லை. இது எங்கள் ஆட்களின் பழக்கம், வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குழாய் உடைந்தாலும் கூரைத் தகரம் பறந்தாலும், ஆபீசில் போய் முதலில் சொல்கிறவனைத்தான் "நீதானே ஒடச்ச?" என்று கேட்பார்கள். அடுத்த வாரம் அவனுக்கு அரைப் பேர் விழும், அதாவது முழு நாள் வேலை செய்தும் அரை நாளுக்குத்தான் கணக்கு. அப்படியிருக்க யார் வாயைத் திறப்பார்? உடைந்ததைக் கண்டால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கையில் கிடைத்ததைக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு போய்விட வேண்டும். அடுத்ததாக வருகிறவனும் அதையேதான் செய்வான். தோட்டத்தை விட்டு வந்தும் நாங்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தோட்டத்தில் பிறக்காதவர்களும் எங்களோடு சேர்ந்து பழகிக்கொண்டார்கள்.

ஆகவே ஆளுக்கொரு திருகு. போகிறபோது ஒன்று, வருகிறபோது ஒன்று. பிளாஸ்டிக் எவ்வளவுதான் தாங்கும்? திருகத் திருக அதன் பல் தேய்ந்தது. தேய்ந்ததும் இன்னும் சொட்டியது. இன்னும் சொட்டியதால் இன்னும் திருகினோம். எரிச்சலாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, எழுதும்போதுகூட.

நான் அதன் கீழ் ஒரு வாளி வைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் ஹீட்டரைப் போட்டதும் சொட்டு நூல் மாதிரி இறங்கும். பனித் தண்ணீரில் விரிப்பு அலசி விரல் மரத்துப் போனவர்களுக்கு அதில் கையைக் காட்டினால் உயிர் வரும். முத்தையா அண்ணன் தோட்டத்தைக் கூட்டுகிறவர், அவர் அதில் முகமே கழுவுவார். ஒழுக்கு எங்களுக்கு ஒரு வசதியாகப் போனதும், அது ஒழுக்கு என்பதே மறந்து போனது.

அந்த வெளிநாட்டுக் குடும்பம் வரவிருந்த நாள் காலையில், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஜூட் தம்பி மூன்று வண்டிகளிலும் ஹீட்டரைப் போட்டார். நான் நடு வண்டியில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடிப் போய்ப் பார்த்தால், சின்னக் கதவின் இடுக்கு வழியாக ஆவி வருகிறது. வாளி நிறைந்து வழிந்து, சக்கரத்தடி மண் சேறாகிவிட்டது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜூட் தம்பி, முத்தையா அண்ணன், சரோஜா, வேன் ஓட்டுகிற ரிஸ்வான். ரிஸ்வான் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம், அண்ணன் என்பதற்கு மற்றவர்கள் அவரை நானா என்று கூப்பிடுவார்கள்; அவர் கை வேலை தெரிந்தவர், பொறுமை மட்டும் கிடையாது. இதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று ஜூட் தம்பி கேட்டார். ஒருவரும் தொடவில்லை. தெரியவே தெரியாது என்றார் ரிஸ்வான். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார் முத்தையா அண்ணன். அந்தச் சின்னக் கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி குனிந்து பார்த்தார். அன்று காலையில்தான் அங்கே முகம் கழுவியிருந்தார்.

அதற்குள் ரிஸ்வான் வேனுக்குப் போய் ஸ்பேனரும் புது மூடியும் கொண்டுவந்துவிட்டார். வத்தேகம ஹார்டுவெயாரில் வாங்கிய இரும்பு மூடி.

முத்தையா அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "தெரியவே தெரியாதுன்னீங்க. மூடி மட்டும் முன்னாடியே வாங்கி வச்சிருக்கீங்க?"

"சும்மா வாங்கின. வீட்டுக்கு."

"வீட்டுல கரவன் இருக்கா நானா?" என்றாள் சரோஜா.

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் ரிஸ்வான் சேற்றில் குந்தி, சின்னக் கதவைத் திறந்து, ஆவிக்குள் ஸ்பேனரை நீட்டிவிட்டார். முகம் அந்த ஓட்டைக்கு நேரே.

"கைய எடு தம்பி."

சொன்னது நான்தான். அவ்வளவு சத்தமாக என் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் சரோஜாவுக்குப் பின்னால் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை, கால் நகரவில்லை என்பதுதான் உண்மை.

வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இணைப்பு வேலைக்கு வத்தேகமவிலிருந்து ஒரு பாஸ் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் கைத்தொழில்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களவர், எங்களோடு பாதித் தமிழில் பேசுவார். ஒரு நாள் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது சட்டைக் கையை மடித்து முழங்கைக்குக் கீழே காட்டினார். தோல் சுருங்கி, வெளுத்து, வேறொருவருடைய தோலை ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. ஏதோ ஒரு விடுதியில் சூடாக இருந்த தாங்கியின் மூடியைக் கழற்றினாராம். உள்ளே இருப்பது தண்ணீர் என்று நினைக்காதே, மூடியைக் கட்டி வைத்து அடுப்பில் ஏற்றிய கேத்தல் என்று நினை என்றார். ஆறவிட வேண்டும். ஆறும்வரை சும்மா இருக்க வேண்டும். ஆட்களுக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கூட வைக்கவில்லை.

இதையெல்லாம் அப்போது நான் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஆங்கிலக் காகிதத்தை ஜூட் தம்பி குனிந்து படித்தார். படித்துவிட்டு அவர் முகம் மாறியது. "பெரியம்மா சொல்றது சரி. இதுலயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். ரிஸ்வான் ஸ்பேனரை வெளியே எடுத்தார், ஆனால் முனகிக்கொண்டே. முதலாளி கண்டியிலிருந்து வெளிக்கிட்டாயிற்று, இனி எப்போது ஆறி எப்போது கழற்றுவது என்று.

ஹீட்டர் சுவிட்சை அணைத்தோம். யாரும் மறதியில் போட்டுவிடாமல் நான் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்தான். தாங்கி காலியாக இருக்கும்போது ஹீட்டரைப் போட்டால் அதுவும் எரிந்து போகும். பிறகு உள்ளே குளிக்கிற இடத்தில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சரோஜாவை நிறுத்தினோம். பச்சைத் தண்ணீர் வரும்வரை பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே, என் வேலைக் காலத்தில் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது அந்தக் காத்திருப்புத்தான். ஒருவராலும் நிற்க முடியவில்லை. முத்தையா அண்ணன் வாளியோடு வந்து தாங்கியில் பச்சைத் தண்ணீர் ஊற்றப் பார்த்தார், விரட்டினேன். ரிஸ்வான் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது ஆறிவிட்டது என்றார். உள்ளிருந்து சரோஜா, "சுடுது நானா, இன்னும் சுடுது" என்று கத்தினாள். ஜூட் தம்பிக்கு முதலாளியிடமிருந்து போன்மேல் போன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல் என்று கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் ஒரு மூச்சு வந்தது. யாருடைய தாமதத்துக்காகவும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

சரோஜா குழாயடியில் நின்றபடி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். இன்றோடு முடிந்ததா பெரியம்மா என்று கேட்டாள். தண்ணீரைப் பார் என்றேன். தெரியாததை எப்படிச் சொல்வது?

கடைசியில் பச்சைத் தண்ணீர் வந்தது. தண்ணீர் வரும் குழாயை அடைத்துவிட்டு ரிஸ்வான் மீண்டும் குந்தினார். இப்போது முகத்தை ஓரமாக வைத்துக்கொண்டார். குந்தியவர் அப்படியே இருந்தார். என்ன என்று கேட்டால், "இங்க மூடியே காணல்ல" என்றார்.

மூடி இருந்தது. ஆனால் வெளியே தெரியவில்லை. எங்கள் ஆட்களின் வைத்தியம் அதைச் சுற்றி ஒரு கட்டி மாதிரி வளர்ந்திருந்தது. ரிஸ்வான் ஒவ்வொன்றாக உரித்தார். மேலே முதலில் வந்தது ஒரு சேலைத் துண்டு, ஊதாப் பூப் போட்டது. அதை விரித்துப் பிடித்ததும் எல்லாரும் சரோஜாவைப் பார்த்தோம். அவள் வானத்தைப் பார்த்தாள்.

அதற்குக் கீழே, இறுக்கிச் சுற்றிய சைக்கிள் டியூப். இந்த இடத்தில் சைக்கிள் வைத்திருந்தது ஒரே ஒருவர்தான்.

"ரப்பர் வச்சா நிக்கும்னு..." என்றார் முத்தையா அண்ணன்.

"தெரியவே தெரியாதுன்னு சொன்னது யாரு?" என்றார் ரிஸ்வான், பழியைத் தீர்த்த சந்தோஷத்தில்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. டியூபுக்குக் கீழே குழாய் வேலைக்காரர் சுற்றுகிற வெள்ளை டேப், அதுவும் மாறிச் சுற்றியிருந்தது. மூடியைத் திருகுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் அது அவிழ்ந்து கொண்டேதான் வரும். அந்த டேப் சுருள் வேனின் முன் தட்டில் கிடப்பதை நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்தவர்கள். ரிஸ்வான் அதைக் கிழித்துச் சேற்றில் போட்டார்.

அதற்கும் கீழே, கல்லாக இறுகிப் போன சாம்பல் நிறப் பசை. இரண்டு களிம்பைப் பிசைந்து ஒட்டுவார்களே, அது. இது யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஜூட் தம்பி தொண்டையைச் செருமினார். "அது... போன மாசம் நான் போட்டது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. மெனேஜரே சொல்லாமல் ஒட்டியிருந்தால் நாங்கள் யாரிடம் சொல்லியிருப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு அதுவும் சரியல்ல என்று பட்டது. அவரும் முதலாளிக்குப் பயந்தவர்தானே. படிப்பு வேறு, பயம் ஒன்றுதான்.

பசையைக் கொத்தி எடுத்து மூடியைத் திருகியதும் பாதி மூடி கையோடு வந்தது. மீதிப் பாதி தாங்கியின் வாயிலேயே நின்றது. தண்ணீர் எல்லாம் வடிந்து முடிந்ததும் அந்தத் துண்டை நோண்டி எடுத்துவிட்டு, ரிஸ்வான் தன்னுடைய இரும்பு மூடியை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் போய்க் கோணலாக நின்றுவிட்டது. ஸ்பேனரை எடுத்தார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த அளவுக்கு விஷயம் தெரியாது. ஜூட் தம்பி, போடுங்கள் நானா, எப்படியாவது இந்த ஆட்கள் இருக்கும்வரை நின்றால் போதும் என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. ரிஸ்வான் ஸ்பேனரை மூடியில் மாட்டினார். கை இறுகுவதைப் பார்த்தேன். பிறகு தளர்ந்தது.

"பல்லு புடிக்குதில்ல. நான் அழுத்தித் திருகினா ஏறும். ஆனா இது இரும்பு, தாங்கிட வாய் மெல்லிசு. அதும் போச்சுன்னா பொறகு தாங்கியவே மாத்தோணும்." ஸ்பேனரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "இத்தோட திருகினது போதும் மெனேஜர். இதுக்கு மேல ஏலா" என்றார்.

பொறுமையில்லாத மனிதர் என்று எழுதினேனே, அவர்தான். எவ்வளவோ பேர் எவ்வளவோ வேலை செய்து நான் பார்த்திருக்கிறேன். செய்ய முடிந்த ஒன்றைச் செய்யாமல் ஸ்பேனரைக் கீழே வைத்த அந்தக் கைதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கீழே வளைவில் முதலாளியின் கார் ஹோர்ன் அடித்தது.

எங்கள் ஆட்கள் எவ்வளவு வேகமாக மறைவார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முத்தையா அண்ணன் வேலிப் பக்கம் போய் இலை பொறுக்கினார். ரிஸ்வான் வேனின் முன் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். ஜூட் தம்பி அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினார். சேற்றின் நடுவில் நானும் சரோஜாவும் மட்டும்.

முதலாளி குடையோடு வந்தார். சேற்றைப் பார்த்தார், உரித்துப் போட்டிருந்த டியூபையும் சேலைத் துண்டையும் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த வண்டியில் இன்றைக்குச் சுடுதண்ணீர் இல்லை என்றேன். தாங்கியின் மூடி உடைந்துவிட்டது. அதற்குப் பொருத்தமான மூடி கிடைத்து, பாஸ் வந்து போட்டால்தான் சரி. வேறு எதையும் வைத்து அடைத்தால் தாங்கியும் போய்விடும்.

"எத்தன நாளா ஒழுகுது?"

"ரொம்ப நாளா."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல?"

அவர் எல்லாரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள், தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குப் பழக்கமான விஷயம், தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்போம். அவர் கரவனின் படியில் உட்கார்ந்து, இன்னும் என்னென்ன கெட்டுப்போய்க் கிடக்கிறது, இப்போதே சொல்லுங்கள் என்றார்.

முத்தையா அண்ணன் கையிலிருந்த இலையை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று தெரியும், கடைசி வண்டியில் மெத்தைக்கு அடியில் ஈரம் இருப்பது. ஒருமுறை பேசிவிட்டேன். அடுத்த முறைக்கு வாய் வரவில்லை.

"கடைசி வண்டியில ஜன்னல் ரப்பர் போச்சுங்க" என்றது சரோஜாவின் குரல். "மழை பேஞ்சா தண்ணி உள்ளுக்கு வருது. மெத்தைய நாங்க திருப்பிப் போட்டு விரிக்கிறோம். இந்த வண்டியில கேஸ் குழாய்ல ஒரு நாத்தம் வருது, ரெண்டு மூனு தடவ வந்துச்சு. அதும் சொல்லல."

அவள் ஏன் பேசினாள் என்று பிறகு கேட்டேன். எல்லாம் முடிந்துபோன மாதிரிதானே இருந்தது பெரியம்மா, இனிமேல் எதற்குப் பயப்பட என்றாள். போகப் போகிறவள் என்றே அவள் தன்னை நினைத்திருந்தாள். குவைத்துக்குப் போகிறவளுக்கு இங்கே யார் அரைப் பேர் போட முடியும்?

அவள் தொடங்கியதும் மற்றவர்களும் கக்கினார்கள். கேஸ் குழாய் தேய்ந்ததைத் தானும் பார்த்ததாக ஜூட் தம்பி சொன்னார். நடு வண்டியின் ஒரு சக்கரம் நின்ற இடத்திலேயே வெடித்துப் போனதையும், அது தெரியாமலிருக்க முன்னால் பூச்சட்டி அடுக்கியதையும் முத்தையா அண்ணன் சொன்னார். அந்தப் பூச்சட்டி அழகாக இருக்கிறது என்று முதலாளியே ஒருமுறை பாராட்டியிருந்தார். கடைசியாக ரிஸ்வான் வண்டியை இழுக்கிற கொளுக்கியைப் பற்றிச் சொன்னார். மூன்று வண்டியிலும் ஆணி துருவேறி உதிர்கிறது. அவர் அதற்குப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

முதலாளி அதைக் கேட்டதும் குடையை மடித்துக் கீழே வைத்தார்.

"இந்த ஆட்கள் வந்து சரிவராட்டி, இந்தக் கொளுக்கிய நம்பி நான் அடுத்த வாரம் மஹியங்கனை வளைவுகள்ல இறக்க இருந்தேன். ட்ரக்டருக்குக்கூடச் சொல்லியாச்சு."

கிழக்கே கடற்கரைக்கு இறங்குகிற அந்தப் பாதையில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு வளைவில் பின்னால் வருகிற வண்டி கழன்றால் கீழே இருக்கிற வளைவில் ஆட்கள் மேல்தான் விழும். நாங்கள் ஒருவரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. முதலாளிக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற சண்டை என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் போகிறவர்கள் எங்கள் கண்ணில் படவே இல்லை.

அந்த வெளிநாட்டுக் குடும்பம் பின்னேரம் வந்தது. ஜூட் தம்பி உள்ளதை உள்ளபடி சொன்னார். நாங்கள் விறகு அடுப்பில் தண்ணீர் வைத்துச் சுமந்து கொடுத்தோம். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை, சுடுதண்ணீர் இருக்கிறது என்று சொல்லித்தானே வரவழைத்தோம். மறுநாள் காலையில் கண்டியில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாரும் மெச்சுவார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ட்ரக்டர் வரவில்லை. அந்த நிலையில் வண்டிகளை ஒரு அடிகூட நகர்த்த முடியாது, இருக்கிற இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்று ஆனது. வத்தேகம பாஸ் வந்தார். தாங்கியின் வாயைப் பார்த்து, இதை இரும்பால் திருகாமல் விட்டது யார் என்று கேட்டு, ரிஸ்வானின் தோளில் தட்டினார். கொழும்பிலிருந்து மூடி வந்தது, கேஸ் குழாய் வந்தது, சக்கரம் வந்தது. ஒன்று வர ஒன்று காத்திருந்து வேலை இழுபட்டது. அதற்குள் மழை விட்டு, மலை தெளிந்து, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி கடற்கரைப் பேச்சை எடுக்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை, அதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டோம்.

ஒரு லீவு நாளில் சரோஜா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனாள். மாடிப்படி ஏறிப் போகிற ஏஜென்சி. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு நம்பிக்கையில்லை. நல்ல வீடு, சின்னக் குடும்பம், சமையல்கூட இல்லை, தங்கச்சி யோசித்துப் பார் என்று வெகுநேரம் சொன்னார். இங்கே என்ன பெரிய வேலை கிடைத்துவிட்டது என்றும் கேட்டார்.

சரோஜா மேசைக்குக் கிட்டப் போனாள்.

"அந்த வீட்டுல ஏதாவது ஒழுகினா நான் யாருகிட்டங்க சொல்றது?" என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்.